அரை அங்குலப் பாதை

அந்த மேப்பை விரித்தால் முதலில் அந்துருண்டை வாசனைதான் வரும். கொஞ்சம் தாமதித்து, பழைய துணியில் காய்ந்துபோன பசையின் புளித்த வாடை வரும். காகிதத்தைப் பதினாறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு நூல் இடைவெளி விட்டு, வெள்ளைத் துணியில் ஒட்டியிருந்தார்கள். எத்தனை முறை மடித்தாலும் கிழியாமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடாம். மரகதம் டீச்சர் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதை விரிக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் முப்பத்தெட்டு பேரும் பெஞ்சு மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்போம். "தூரமா நில்லுங்கடி, மேல எச்சில் தெறிக்கும்" என்பார் டீச்சர். எண்பதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, சேலையூர் தாண்டி இறங்கி, கால் மணி நேரம் உள்ளே நடந்தால் வருகிற பள்ளிக்கூடம் அது.

மேப் வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து வரைந்தது. ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கியிருந்தார்கள். டீச்சரின் அப்பா சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அவருடைய இரும்புப் பெட்டியில் கிடந்ததை டீச்சர் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். பள்ளிக் கண்காட்சிக்கு மற்ற வகுப்புகள் எரிமலையும் பெரிஸ்கோப்பும் செய்துகொண்டிருக்க, எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'நம் ஊரின் நேற்று'. இது ஒரு தலைப்பா என்று முகத்தைச் சுளித்தவர்கள் மேப்பைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினோம். ரயில் தண்டவாளம் இருந்தது, செங்கல்பட்டுக்குப் போகும் சாலை இருந்தது, மிச்சமெல்லாம் நீல நீலமாக ஏரிகளும், ஏரிகளுக்கு நடுவே பொடிப்பொடியாகப் பனைமரக் குறிகளும்தான். எங்களுக்குத் தெரிந்த கடைத்தெரு, சினிமா கொட்டகை, பஸ் ஸ்டாண்டு, ஒன்றையும் காணோம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை அதிகம். சின்ன வயதில் யார் புது ரிப்பன் கட்டி வந்தாலும் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஆனால் என் பக்கத்து இருக்கை அமுதாவைப் பார்த்து மட்டும் எனக்குப் பொறாமையே வந்ததில்லை. பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் கொன்றைப்பாக்கத்துப் பெண். நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம், கொட்டகையில் நாலு எருமை, அவள் பாவாடையில் எப்போதும் ஒரு வைக்கோல் துணுக்கு. நானோ அந்தக் கிராமத்தை ஒட்டிப் புதிதாக மனை பிரித்துக் கட்டிய கமலா நகரில் இருப்பவள். என் அப்பா மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க்; காலை ஏழே முக்கால் மின்சார ரயிலில் போய் இரவு எட்டுக்கு வருவார். எங்களை 'நகர்க்காரங்க' என்றும் அவர்களை 'ஊர்க்காரங்க' என்றும் சொல்வது அங்கே வழக்கம். அமுதா 'வூடு' என்றால் நான் உடனே "வீடுன்னு சொல்லு" என்று திருத்துவேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் "சரி, வீடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே 'வூடு' என்பாள்.

டீச்சர் ஒரு நாள் ஒரு மூடி நிறையக் குண்டூசிகளைக் கொண்டுவந்து, "உங்க உங்க வீடு எங்க வரும்னு கண்டுபிடிச்சு அந்த இடத்து மேல குண்டூசியை நிக்க வெச்சுக் காட்டுங்க, குத்தக் கூடாது" என்றார். முப்பத்தெட்டு பேரில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் வடக்கு என்றே தெரியவில்லை. அமுதா வந்தாள். மேப்பில் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயரை அவள் படிக்கக்கூட இல்லை. "இது ஏரி. இது கரை. இது மதகு. இங்க கோயிலு கீது. கோயிலுக்குப் பின்னாடி மூணாவது வூடு எங்க வூடு டீச்சர்" என்று சிவப்புச் சதுரம் ஒன்றின் மேல் ஊசியை நிறுத்தினாள். டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் கிணற்றுக்கான நீலப் புள்ளிகூட இருந்தது. "உங்க கிணறுமா இருக்கு!" என்று டீச்சர் கூவினார்.

அடுத்து நான். பள்ளியிலிருந்து எங்கள் தெரு எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று மனக்கணக்குப் போட்டு, பெருமையோடு ஸ்கேல் வைத்து அளந்து ஊசியைக் கொண்டுபோனேன். ஊசி போய் நின்றது நீலத்தில். இரண்டாம் முறை அளந்தேன், அப்போதும் நீலம்தான். பக்கத்தில் நின்ற அமுதா எட்டிப் பார்த்து, "டீச்சர், லலிதா வூடு ஏரி உள்வாயில கீது!" என்றாள். ஏரிக் கரைக்கு உட்புறம், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிற நிலத்துக்கு அவர்கள் 'உள்வாய்' என்பார்கள். அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள். ஆனால் வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி தவளை மாதிரி கத்தினாள். அன்றிலிருந்து அந்த வருஷம் முடியும் வரை என் பெயர் 'தவளை லல்லி'.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அப்ரூவ்டு லேஅவுட்டும்மா இது! ப்ளூ பிரிண்ட் பார்த்துத்தான் வாங்கினேன். யாரோ வெள்ளைக்காரன் கிறுக்கினதை வெச்சுக்கிட்டு உங்க டீச்சர் கதை விடறாங்க" என்று கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து, "அதானே பார்த்தேன். தீபாவளி முடிஞ்சா போதும், சமையல்கட்டுல தண்ணி வந்து நிக்குது" என்றாள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும், அமுதாவை நினைத்தால் வயிறு பற்றிக்கொண்டும் வந்தது. அவள் தாத்தா பிறப்பதற்கு முன்பே அவள் வீடு காகிதத்தில் ஏறியிருக்கிறது. எங்களுக்கு ஒரு புள்ளி கிடையாது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அரை நாள் பள்ளி முடிந்ததும் டீச்சர் எங்களில் ஆறு பேரை அழைத்துக்கொண்டு, குடையும் மேப்புமாகக் கிளம்பிவிடுவார். காகிதத்தில் இருப்பது தரையில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முன்னால் நடப்பவள் அமுதா. மேப்பில் ஒரு குறியைக் காட்டி இது என்ன என்று டீச்சர் கேட்டால், அவள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று நடப்பாள். போய் நின்ற இடத்தில் அது இருக்கும். புதருக்குள் மறைந்திருந்த செங்கல் சூளை, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற 'கலங்கல்', கரையோரத்தில் பாதி புதைந்த எல்லைக் கல், எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. கல்லை நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதும் மேல குந்திகினுதான் நான் எருமை மேய்ப்பேன்" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்து, "அமுதா இல்லைன்னா இந்த மேப் நமக்கு வெறும் பேப்பர்தான், இல்லையா லலிதா?" என்றார். ஏன் என்னைப் பார்த்துக் கேட்க வேண்டும்? நான் தலையை ஆட்டினேன். கணக்கில் நான்தான் வகுப்பில் முதல், டிராயிங்கில் நான்தான் முதல், இங்கிலீஷில் நான்தான் முதல். எருமை மேய்த்தவள் ஒருத்தி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று இருந்தது.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான் அந்தப் பாதையில் நடந்தோம். மேப்பில் அமுதாவின் வீட்டுப் பின்புறத்திலிருந்து கிளம்பி, வரப்பு ஓரமாகப் போய், ஏரிக் கரையைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த ஒரு கிணற்றில் முடிகிற கறுப்புக் கோடு. முழுக் கோடுகூட இல்லை, விட்டு விட்டுப் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். கால்நடைப் பாதைக்கு அதுதான் அடையாளமாம். சோற்றுப் பருக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த மாதிரி எட்டு இருந்தன. நிலத்தில் அரை மைல், காகிதத்தில் அரை அங்குலம். அந்தப் பக்கம் அவர்களுக்கு இரண்டு காணி நிலம் இருந்தது. எரு போனதும் நெல் வந்ததும் மாடு போய்த் திரும்பியதும் இந்த வழியில்தான். கிணற்றடியில் அமுதாவின் அப்பா கன்னியப்பன் தலையில் துண்டோடு எழுந்து நின்று டீச்சருக்குக் கும்பிடு போட்டார். மேப்பில் பாதையைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எங்கப்பா சொல்லுவாரு, இது அவரு தாத்தா காலத்துலேந்து நம்ம கால் பட்ட வழின்னு. வெள்ளக்காரன்கூட எழுதி வெச்சுட்டுப் போயிருக்கானா! தேவலையே!" என்று மகளின் தலையைத் தடவினார். அமுதாவின் அம்மா எங்கள் எல்லோருக்கும் வேகவைத்த வேர்க்கடலையும் மோரும் கொடுத்தார். இரண்டு கை கடலை தின்றேன், தின்றுகொண்டே எரிந்தேன்.

மேப்பைக் கண்காட்சியில் தொங்கவிட டீச்சருக்கு மனமில்லை. அப்பாவின் பொருள், ஆயிரம் கை படும். அதனால் தாம்பரத்திலிருந்து தெற்கே பெருங்களத்தூர் வரை, கிழக்கே மாடம்பாக்கம் வரை உள்ள பகுதியை மட்டும் 'டிரேசிங்' எடுக்கச் சொல்லி, நாலு தாள் பட்டர் பேப்பரோடு மேப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் அது எங்கள் வீட்டில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மேப்பைப் பதித்து, அதன் மேல் பட்டர் பேப்பரை ஒட்டி, வெளிச்சம் இருக்கும் வரை நின்றபடியே பென்சிலால் வரைவேன். ராத்திரி யாரும் தொடக் கூடாது என்று அலமாரி மேல் வைத்துவிடுவேன். ஏரி, தண்டவாளம், சாலை, பனைமரம், கோயில், ஒவ்வொன்றாக வந்தது. கொன்றைப்பாக்கத்துச் சதுரங்களை வரையும்போது கை கசந்தது. முதலில் ஏரியையே விட்டுவிடலாமா என்று தோன்றியது; அவ்வளவு பெரிய நீலத்தைக் காணோம் என்றால் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள். அமுதாவின் வீட்டை விடலாமா என்று பார்த்தேன், டீச்சர் தேடுவார். கடைசியில் அந்த எட்டுப் பருக்கைகள்.

மறந்துவிட்டேன் என்று பின்னாளில் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. பென்சில் முனை அந்த இடத்துக்கு வந்தது, ஒரு நிமிஷம் நின்றது, தாண்டிப் போனது. இங்க் போட்டு முடித்து ஜன்னலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அமுதாவின் வீடும் அந்தப் பக்கத்துக் கிணறும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் தனித்தனியாக நின்றன. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தனை நாள் கழித்து அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

கண்காட்சியில் எங்கள் வகுப்புக்குத்தான் முதல் பரிசு. டிரேசிங்கின் கீழே 'வரைந்தவர்: எஸ். லலிதா, ஒன்பதாம் வகுப்பு அ பிரிவு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் அந்தக் கைவேலையைப் பார்த்து 'அச்சு அடிச்ச மாதிரி இருக்கே' என்றார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார். நான் இறங்கி வந்தபோது அமுதா டிரேசிங் முன்னால் நின்றிருந்தாள். தன் வீட்டின் மேல் விரலை வைத்து, அங்கேயிருந்து மெல்ல நகர்த்தி, நிறுத்தி, மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். "நல்லா கீதுடி" என்றாள். நல்லவேளை, இவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த கையோடு மரகதம் டீச்சருக்குக் கல்யாணமாகி, புருஷன் வேலை பார்த்த பிலாய்க்குப் போய்விட்டார். அவரோடு மேப்பும் போயிற்று. டிரேசிங்குக்குச் சட்டம் போட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மாட்டினார்கள்.

அடுத்த வருஷம் ஏரிக்கும் கொன்றைப்பாக்கத்துக்கும் நடுவில் இருந்த வயல்களை ஒருவர் வாங்கி மனை போட ஆரம்பித்தார். எங்கள் பக்கமெல்லாம் அப்போது தெருவுக்கு ஒரு புது நகர் முளைத்துக்கொண்டிருந்தது. பஞ்சாயத்தில் பேச்சு முழுக்கக் கல் நட்டது, கம்பி கட்டியது, காம்பவுண்டு போட்டது இவைதான். வந்தவர் கன்னியப்பனின் பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி போட்டார். பாதை போன நிலம் இப்போது அவர் பட்டாவில் இருந்தது. கிராமத்துக் கணக்கில் வயல் எல்லைதான் இருந்ததே தவிர, அதன் நடுவே ஆள் நடந்த வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு பக்கமும் வாய்ச்சண்டை முற்றி, பஞ்சாயத்து பிரசிடெண்டு முன்னால் போய் நின்றபோது யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரன் மேப் ஒன்று மாட்டியிருக்கிறதே என்று. மனை போட்டவரும் அப்படி ஒன்றும் அடாவடி ஆள் இல்லை. "அந்த மேப்புல பாதை இருந்தா ஒரு வண்டி போற அகலத்துக்கு வழி வுட்டுடறேன். இல்லன்னா இதோட பேச்சு முடிஞ்சுது. சம்மதமா?" என்றாராம். கன்னியப்பன் தன் கண்ணால் பார்த்த மேப் அல்லவா? சம்மதம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் சொன்னது பத்திரத்தில் எழுதின மாதிரி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஜன்னலில் வைத்து வரைந்த பட்டர் பேப்பரைத்தான் இவர்கள் வெள்ளைக்காரன் மேப் என்கிறார்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்ததே!

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு என்னையும் அமுதாவையும் கூப்பிடுவதாகப் பியூன் வந்து சொன்னார். உள்ளே நுழைந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. டிரேசிங்கைச் சுவரிலிருந்து இறக்கி மேஜை மேல் படுக்க வைத்திருந்தார்கள். பிரசிடெண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். கன்னியப்பன் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரைச் சட்டையோடு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்கய்யா கீது? நானும் அரை மணியா தேடறேன்" என்றார் பிரசிடெண்டு.

"இருந்துச்சு சார்" என்றாள் அமுதா. "டீச்சரு வெச்சிருந்த மேப்புல இருந்துச்சு. நாங்க அந்த வழியாவே நடந்து போனோம்."

"அதைப் பார்த்துதானேம்மா இதைப் போட்டது?" என்று மனைக்காரர் கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் என் தோளில் கை வைத்து, "இவதான் வரைஞ்சா. ஸ்கூல் ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு. ஒரு புள்ளி பிசக மாட்டா" என்றார். பிரசிடெண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லும்மா. அதுல இருந்து எதையாச்சும் நீ வுட்டுட்டியா?"

அமுதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவும் பார்த்தார். விட்டுவிட்டேன் என்று சொன்னால் ஏன் விட்டாய் என்பார்கள். பரிசு, பெயர், ஹெட்மிஸ்ட்ரஸ் தோளில் வைத்த கை, அப்பா, எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தது. பயம்தான் முக்கால்வாசி. ஆனால் மிச்சக் கால்வாசியும் செத்துப்போகவில்லை. இந்த அறையில் முதல்முறையாக அமுதாவின் பேச்சைவிட என் பேச்சுக்கு மதிப்பு என்று அது உள்ளே இருந்து குதித்தது.

"இருந்ததை எல்லாம் வரைஞ்சேன் சார்" என்றேன்.

கன்னியப்பன் சண்டை போடுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "படிச்ச பொண்ணு சொல்லுது. நான் கண்ட கோடு வேற எதுவோ போல. எங்கப்பன் சொன்னதை நம்பிகினு பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று மனைக்காரரைப் பார்த்துச் சொன்னார். அமுதா மட்டும், "பிலாய்க்கு லெட்டர் போடலாம்பா" என்றாள். "வுடு" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

வேலி நின்றது, பிறகு வேலி இருந்த இடத்தில் சுவர் வந்தது. அவர்கள் எருவை ஏரி முழுக்கச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனார்கள். இரண்டு போகம் அப்படிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து நிலத்தை அதே மனைக்காரருக்கே விற்றுவிட்டார்கள். அமுதா என்னோடு சண்டை போடவில்லை, பெஞ்சு மாறி உட்காரவும் இல்லை. பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்து, பத்தாவது பரீட்சையோடு நின்றுபோனது. அவள் அதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். நான் அப்பா போன அதே ரயிலில் காலேஜுக்குப் போனேன்.

இதெல்லாம் நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். கார்த்திகை மாசம் சமையல்கட்டில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. கொன்றைப்பாக்கத்துக்காரர்களின் மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அமுதாவுக்கு மட்டும் மூன்று ஃபிளாட் என்று கேள்விப்பட்டபோது, என்னையறியாமல் எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் பழைய சர்வே மேப்புகளை இண்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று என் மகள் சொன்னாள். தேடியபோது அதே தாள், அதே நீலம். பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டும் இருந்தன. கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, இருபது வருஷமாகப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போன அந்த அடுக்குமாடிக்கு ஏறினேன்.

அமுதா கதவைத் திறந்து, "தே, லல்லி! உள்ள வா" என்றாள், நேற்றுப் பார்த்தவள் போல. தலை முழுக்க நரைத்திருந்தது. காபி போட்டு வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பிரிண்டை மடியில் விரித்தாள். அவள் விரல் வீட்டில் தொடங்கி, இந்த முறை நிற்காமல், ஏரிக் கரையைத் தாண்டிக் கிணற்றில் போய் முடிந்தது.

"நான்தான் விட்டுட்டேன் அமுதா. வேணும்னே" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு வருஷம் பிடித்தது.

"தெரியும்டி. எக்ஸிபிஷன் அன்னிக்கே தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உனுக்கு பிரைஸ் குட்த்துகினு கீறாங்க. நடுவுல பூந்து இன்னான்னு சொல்றது? அப்பறம் அந்தப் பிரசிடெண்டு கேட்டாரு பாரு, அப்ப நீயே சொல்லிடுவேன்னு உன் மூஞ்சியவே பார்த்துகினு நின்னேன். நீ சொல்லுவேன்னுதான் நெனச்சேன்."

பளாரென்று நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முழுசாக நம்பியிருக்கிறாள், அதுவும் பொறாமையில் வெந்துகொண்டிருந்த என்னை. என்னால் ஒருநாளும் இப்படி இருக்க முடிந்ததில்லையே என்று, அந்த நேரத்தில்கூட அவளைப் பார்த்து என் மனசு காய்ந்தது.

"நெலம் போனா போவுது. நெலம் எல்லாருக்குந்தான் போச்சு" என்றாள் அவள். "எங்கப்பாதான். தாத்தா பொய் சொல்லிட்டாருன்னே கடைசி வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. பொய்யன் பேச்சக் கேட்டு சபையில அசிங்கப்பட்டேன்னு, தாத்தாவுக்கு வருசா வருசம் போடற படையலையே வுட்டுட்டாரு. நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல."

பிரிண்டை மடித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். இது எனக்கு எதுக்கு, பாதை எப்படிப் போய்க் கிணற்றில் முடியும் என்று எனக்குத் தெரியாதா என்றாள். பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரி இருந்த இடத்தில் மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான் தெரிந்தன. கரை எது, கலங்கல் எது, ஒன்றும் சொல்ல முடியாது. சுவரில் மாலை போட்டிருந்த படத்தில் கன்னியப்பன் சட்டை இல்லாமல், துண்டோடு இருந்தார். அவர் எப்போது போனார் என்று கேட்டேன். பதினோரு வருஷம் ஆகிறதாம். அவர்கள் தெருவிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அன்றைக்குச் சாவு மேளம் எனக்குக் கேட்டுத்தான் இருக்கும்.